முகவரி எண்ணும் முதலிடமும்

2000 செப்டம்பர் 21. ஜப்பான் நாடாளுமன்றத்தில் பிரதமர் யோஷிரோ மோரி தம் கொள்கை உரையை நிகழ்த்திக்கொண்டிருந்தார். நாட்டின் எதிர்காலம், கல்வி, தகவல் தொழில்நுட்பம் என்று நீண்ட அந்த உரையின் நடுவே ஐபிவி6 என்ற பெயர் வந்தது. அந்நாளில் வலையமைப்புப் பொறியாளர்கள் மட்டுமே அறிந்திருந்த பெயர் அது. இணையத்தில் கணினிகளுக்கு எண் கொடுக்கும் முறை ஒன்றின் ஆறாம் பதிப்பு. ஒரு நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னது பொறியாளர்களையே வியக்க வைத்தது.

நான்கு மாதம் கழித்து, 2001 ஜனவரியில், ஜப்பான் அரசு ‘இ-ஜப்பான்’ திட்டத்தை வெளியிட்டது. ஐந்தே ஆண்டுகளில் உலகின் முன்னணித் தகவல் தொழில்நுட்ப நாடாவது அதன் இலக்கு. புதிய முகவரி முறைக்கு மாறுவதும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பழைய இணையத்தை அமெரிக்கா கட்டியது, புதிய இணையத்தை யார் முதலில் கட்டுகிறார்களோ அவர்களுக்கே அடுத்த காலம் என்பது அன்றைய நம்பிக்கை. பின்னாளில் சீனாவும் அதே நம்பிக்கையில் இறங்கியது.

புதிய முகவரி முறையை முந்திக்கொண்டு ஏற்கும் நாடு தொழில்நுட்பத்திலும் முந்துமா? இதற்கு விடை தேட இன்று நம்மிடம் கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

429 கோடி போதாமல் போன கதை

இணையத்தில் ஒரு தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து பயணிக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்புநரின் எண்ணும் பெறுநரின் எண்ணும் இருக்கும். வழியிலுள்ள ரவுட்டர்கள் பெறுநர் எண்ணைப் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். அந்த எண்தான் ஐ.பி. முகவரி.

1981 செப்டம்பரில் வெளியான நான்காம் பதிப்பில், அதாவது ஐபிவி4-இல், முகவரிக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். இதைக்கொண்டு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வெவ்வேறு எண்களை உருவாக்கலாம். அன்றைய உலக மக்கள்தொகை ஏறத்தாழ 450 கோடி. பிறந்த அன்றே ஆளுக்கு ஒரு முகவரி தர இயலாத முறை அது. ஆனால் அன்று யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் இந்த முறைக்கு மாறியபோது அதில் இருந்தவை சில நூறு கணினிகள்தாம். ஒரு நாளைக் குறித்து அனைவரும் மாற முடிந்தது.

1990களில் வணிக இணையம் பெருகியபோது எண்கள் தீர்ந்துவிடும் என்பது தெளிவானது. சென்னையில் ஏழு இலக்கத் தொலைபேசி எண்கள் போதாமல் போனபோது முன்னால் ஒரு 2 சேர்த்து எட்டு இலக்கமாக்கினார்கள். இணையத்தில் அது நடக்காது. பாக்கெட்டின் தலைப்பில் முகவரிக்கென 32 பிட் கட்டம் அச்சடித்ததுபோல் நிலைத்துவிட்டது. உலகிலுள்ள எல்லா ரவுட்டர்களும் மென்பொருள்களும் அந்தக் கட்டத்தை மட்டுமே படிக்கப் பழகியவை. கட்டத்தைப் பெரிதாக்கினால் பழைய கருவிகளுக்கு ஒன்றும் புரியாது. ஆகவே 1995 டிசம்பரில் முற்றிலும் புதிய முறையாகவே ஐபிவி6 வெளிவந்தது. முகவரிக்கு 128 பிட். எண்ணிக்கையைச் சொல்ல 340 எழுதி அதன் பின்னால் 36 சுழியங்கள் போட வேண்டும்.

பழைய முறையில் பேசும் கருவியும் புதிய முறையில் பேசும் கருவியும் நேரடியாக உரையாட முடியாது. நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அல்லது இரண்டு முறைகளையும் அருகருகே நடத்த வேண்டும். முதலில் மாறுகிறவருக்குச் செலவு உடனே வருகிறது. பயனோ மற்றவர்களும் மாறிய பிறகுதான் வரும். ஐபிவி6-இன் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கணக்கே நடத்திச் சென்றது.

ஆமை ஆடிய வலைத்தளம்

ஜப்பானுக்குத் திரும்புவோம். ஜப்பானின் முனைப்பு வெறும் அரசியல் முழக்கமாக இருந்ததில்லை. கணினி அறிவியலாளர் ஜுன் முராய் தொடங்கிய வைட் திட்டம் 1988 முதலே பல்கலைக்கழகங்களையும் நிறுவனங்களையும் இணைத்து இணைய ஆய்வு நடத்திவந்தது. அதன் கிளையாக 1998-இல் காமே என்ற குழு உருவானது. ஹிட்டாச்சி, தோஷிபா, ஃபுஜித்சு, என்இசி போன்ற போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒன்றாக அமர்ந்து, ஐபிவி6-ஐக் கணினிகளில் இயக்கும் மென்பொருளை எழுதினார்கள். குழு இயங்கிய காரிகோமே என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம்தான் காமே. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆமை என்று பொருள். அவர்களுடைய வலைத்தளத்தில் ஓர் ஆமை இருந்தது. பழைய முகவரியிலிருந்து வருவோருக்கு அது அசையாமல் நிற்கும். ஐபிவி6 வழியாக வருவோருக்கு ஆடிக்காட்டும். தங்கள் வலையமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உலகெங்கும் பொறியாளர்கள் அந்த ஆமையைத் தேடிச் சென்றார்கள்.

காமே குழு எழுதிய நிரலை எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகிய இயங்குதளங்கள் எடுத்துக்கொண்டன. அங்கிருந்து அது ஆப்பிளின் கணினிகளுக்கும் போனது. அக்குழுவின் முதன்மை நிரலாளர்களுள் ஒருவர் இட்டோஜுன் என்று அழைக்கப்பட்ட ஜுன்-இச்சிரோ ஹகினோ. 2007-இல் தம் 37-ஆவது வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரால் இணையச் சங்கம் பின்னர் ஒரு விருதை நிறுவியது.

இத்தனை உழைப்புக்குப் பிறகு முதலிடம் வந்ததா? அந்த ஆண்டுகளில் ஜப்பான் உண்மையாகவே உலகை முந்தியிருந்த துறை கைபேசி இணையம். 1999 பிப்ரவரியில் வந்த ஐ-மோட் சேவையில் ஜப்பானியர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள், பயணச்சீட்டு எடுத்தார்கள், வங்கிக் கணக்குப் பார்த்தார்கள். உலகின் பிற பகுதிகளில் கைபேசி பெரும்பாலும் பேசுவதற்கும் குறுஞ்செய்திக்குமே பயன்பட்ட காலம் அது. ஐ-மோடின் வெற்றிக்கு ஐபிவி6 தேவைப்படவே இல்லை. எல்லாக் கைபேசிகளும் சேவை நிறுவனத்தின் நடுவண் மையம் வழியாகவே இணையத்தைத் தொட்டன. கட்டண வசூல், உள்ளடக்கம், கருவி மூன்றையும் ஒன்றாகக் கோத்த வணிகத் திறமைதான் அங்கே வென்றது.

2007-இல் ஐபோன் வந்தது. கைபேசி உலகின் தலைமை கலிஃபோர்னியாவுக்குப் போயிற்று. பின்னர் ஐபோனில் ஓடிய ஐபிவி6 நிரலின் வேர் காரிகோமேயில் இருந்தது. முகவரி முறையில் முந்தியவர்களின் உழைப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டே, கருவியிலும் மென்பொருள் சூழலிலும் முந்தியவர்கள் தலைமையைப் பிடித்தார்கள். பொதுத்தரம் என்பது ஊர்ப்பொதுக் கிணறு. வெட்டியவர் பெயர் நிலைக்கும், நீர் எல்லாருக்கும் போகும்.

உள்நாட்டிலும் பாதை நேராக இருக்கவில்லை. தொலைபேசி நிறுவனமான என்டிடி 2008-இல் தொடங்கிய புதிய தலைமுறை வலையமைப்பு வீட்டுக் கணினிகளுக்கு ஐபிவி6 முகவரி கொடுத்தது. ஆனால் அந்த முகவரியைக்கொண்டு வெளி இணையத்துக்குப் போக முடியாது. கணினி முதலில் புதிய வழியில் போய்ப் பார்க்கும், கதவு அடைத்திருக்கும், திரும்பிப் பழைய வழிக்கு வரும். ஒவ்வொரு முறையும் தாமதம். 2012 ஜூன் 6-ஆம் நாள் உலகின் பல நிறுவனங்கள் ஐபிவி6-ஐ நிலையாக இயக்கத் தொடங்கியபோது, சில பெரிய வலைத்தளங்கள் இந்தத் தாமதத்துக்கு அஞ்சியே ஜப்பானின் பல சேவையாளர்களுக்கு ஐபிவி6-ஐத் தராமல் நிறுத்திவைத்தன. முதலில் புறப்பட்ட நாடு, ஊர் கூடித் தேர் இழுத்த நாளில் வடம் பிடிக்க முடியாமல் நின்றது.

ஆணையும் அங்காடியும்

சீனாவின் கதை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2003-இல் அடுத்த தலைமுறை இணையத் திட்டத்தை அரசு தொடங்கியது. 2004-இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் செர்நெட்2 ஐபிவி6-இலேயே இயங்கத் தொடங்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் புதிய முகவரி முறையைக் காட்சிப்படுத்தினார்கள். ஆனால் அடுத்த பத்தாண்டு முழுவதும் சாதாரணப் பயனரிடம் ஐபிவி6 போய்ச் சேரவில்லை.

அந்தப் பத்தாண்டில்தான் சீன இணையம் உலகை வியக்க வைத்தது. இணையச் சந்தையான தாவோபாவ் 2003-இலேயே பிறந்திருந்தது, செய்திச் செயலியான வீசாட் 2011-இல் வந்தது. தெருவோரக் காய்கறிக் கடை வரை கைபேசிப் பணம் போய்ச்சேர்ந்தது. எல்லாமே பழைய ஐபிவி4-இல், ஒரு முகவரியைப் பலர் பகிர்ந்துகொண்ட வலையமைப்பில் வளர்ந்தவை. 2017 நவம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அலுவலகமும் அரசு அவை அலுவலகமும் சேர்ந்து செயல்திட்டம் வெளியிட்ட பிறகே ஐபிவி6 பரவத் தொடங்கியது. 2023-இல் பயனர்கள் 70 கோடியைத் தாண்டிவிட்டதாக அரசு கணக்குச் சொன்னது. இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். தொழில் வலிமை முன்னே வந்தது, முகவரி மாற்றம் பின்னே வந்தது.

தேவை தள்ளிய இடங்கள்

அமெரிக்காவில் மாற்றத்தைத் தொடங்கிவைத்தது நெருக்கடி. காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனத்துக்கு வீடுதோறும் மோடம், செட்டாப் பாக்ஸ், தொலைபேசிப் பெட்டி என்று பல கருவிகள். அவற்றை நிர்வகிக்க உள்முகவரி வேண்டும். உள்பயன்பாட்டுக்கென உலகப் பொதுவில் ஒதுக்கிய மிகப் பெரிய தொகுப்பில் 1 கோடியே 67 லட்சம் எண்கள் உள்ளன. 2005, 2006 வாக்கில் அதுவே போதவில்லை. ஐபிவி6 தவிர வேறு வழி இருக்கவில்லை. ஃபேஸ்புக் தன் தரவு மையங்களின் உட்போக்குவரத்தை ஐபிவி6-க்கு மாற்றியதற்கும் காரணம் இதே நெருக்கடிதான். இவர்கள் பெரிதாக வளர்ந்ததால் புதிய முகவரிக்கு மாறினார்கள். மாறியதால் பெரிதாகவில்லை.

பெல்ஜியத்தில் தேவை வேறு வாசல் வழியாக வந்தது. ஒரே ஐபிவி4 முகவரியை ஆயிரம் பேர் பகிர்ந்தால் குற்றம் செய்தவரைக் காவல்துறை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு முகவரியை 16 பேருக்கு மேல் பகிர்வதில்லை என்று 2012-இல் இணைய நிறுவனங்களும் அதிகாரிகளும் உடன்பாடு செய்துகொண்டார்கள். பகிர்வுக்கு வரம்பு வந்ததும் நிறுவனங்கள் ஐபிவி6 பக்கம் திரும்பின. சில ஆண்டுகள் பெல்ஜியமே உலகப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அதனால் அங்கே ஒரு கூகுளோ சாம்சங்கோ பிறந்துவிடவில்லை. மறுபுறம் டென்மார்க்கும் ஸ்பெயினும் ஐபிவி6 பட்டியலில் நெடுங்காலம் கடைசி வரிசையில் இருந்தன. ஆனால் அரசுச் சேவைகளை இணையத்தில் தருவதில் டென்மார்க் உலகின் முன்வரிசையில் நின்றது. அதிவேக இணையத்தில் பல ஆண்டுகள் முதலிடம் வகித்த தென்கொரியாவும் ஐபிவி6-இல் நிதானமாகவே நடந்தது.

இந்தியாவின் எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகில் இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2010-இலும் 2013-இலும் வழிகாட்டித் திட்டங்கள் வெளியிட்டது. பெரிய அசைவு இல்லை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. 170 நாளில் 10 கோடி வாடிக்கையாளர்கள். அத்தனை பேருக்குக் கொடுக்க ஐபிவி4 முகவரிகள் எங்கும் கிடைக்காது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே தீர்ந்திருந்தது, ஆசிய பசிபிக் பகுதியின் இருப்பு அதே ஏப்ரலில் சுருங்கிவிட்டது. புதிதாகக் கட்டிய வலையமைப்பு என்பதால் தொடக்கத்திலேயே ஐபிவி6 வைத்தார்கள். மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா இன்று உலகின் முன்வரிசை நாடு. பயனர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்த முறையில் இருக்கிறார்கள். உங்கள் கைபேசியின் அமைப்புகளில் முகவரியைப் பாருங்கள். 2 என்று தொடங்கி, இடையிடையே முக்காற்புள்ளி வைத்த நீண்ட வரிசை இருந்தால், நீங்களும் அவர்களில் ஒருவர்.

ஆனால் அந்தக் கைபேசியின் சிப்பை வடிவமைத்தவர், இயங்குதளத்தை எழுதியவர், அதில் அதிகம் திறக்கும் செயலிகளை உருவாக்கியவர் யார்? பெரும்பாலும் வெளிநாட்டினர். நாம் உலகுக்கு முன்மாதிரியாகக் காட்டும் யுபிஐ பணப்பரிமாற்றமும் வங்கிகளை ஒரு பொது ஒழுங்கில் கொண்டுவந்த நிறுவன உழைப்பின் பயன். ஐபிவி6-இன் பயன் அன்று.

எண்ணின் இடத்தில் பெயர்

புதிய முகவரி ஏன் தலைமையைத் தரவில்லை என்பதற்கு அறிவியல் காரணம் ஒன்று உண்டு. 1990களில் எல்லாரும் நினைத்தது இதுதான்: இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதிய சேவைகள் முளைக்காது. ஆனால் இணையம் முகவரியைச் சார்ந்திருப்பதையே மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டது.

முதலில் 1994-இல் முகவரி மாற்றும் முறை வந்தது. பெரிய அலுவலகத்தில் வெளியே ஒரே தொலைபேசி எண்ணும் உள்ளே நூறு எக்ஸ்டென்ஷன்களும் இருப்பதுபோல, வீட்டின் ரவுட்டர் ஒரே பொது முகவரியை உள்ளிருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டது. பிறகு வலைத்தளங்கள் பெயரால் பிரிந்தன. ஒரே முகவரியிலுள்ள சர்வர் ஆயிரம் தளங்களைத் தாங்கலாம். உலாவி தனக்கு வேண்டிய தளத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும். அதன் பிறகு, நாம் பார்க்கும் காணொளி பெரும்பாலும் நம் ஊருக்கு அருகிலுள்ள தரவு மையத்திலிருந்தே வரத் தொடங்கியது. இன்றைய கைபேசி உலகிலுள்ள எந்தக் கணினியும் தன்னை நேரடியாகக் கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. தானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பகிர்ந்த முகவரி போதும்.

பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்று இங்கே கைகொடுக்கிறது. 1880களிலேயே மின்நிலையங்கள் வந்துவிட்டாலும் அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் 1920களில்தான் பாய்ந்தது. காரணம், முதலில் நீராவி எந்திரத்தைக் கழற்றி அதே இடத்தில் மின்மோட்டாரை வைத்தார்கள், கூரையில் ஓடிய நீண்ட சுழல்தண்டும் பட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலையின் ஓட்டத்துக்கேற்ப ஆலையையே புதிதாக அமைத்தபோதுதான் பலன் கொட்டியது. முதலில் வாங்கியவரை விட, வாங்கியதைச் சுற்றித் தன் வேலையை மாற்றி அமைத்தவரே முந்தினார். ஐபிவி6-ஐ ஏற்ற நாடுகள் பலவும் மோட்டாரை வாங்கிவைத்தன. ஆலை பழையபடியே ஓடியது.

யாருக்கு வாசல்?

அப்படியானால் ஐபிவி6 தேவையற்றதா? இல்லை. அது மிகவும் தேவை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்கான காரணம் முதலிடம் அன்று.

உலகின் 429 கோடி பழைய முகவரிகளில் ஏறத்தாழ 160 கோடி அமெரிக்காவின் கையில் உள்ளன. அங்கே ஆளுக்குக் கிட்டத்தட்ட ஐந்து. இந்தியாவிடம் சுமார் 4 கோடி. இங்கே 35 பேருக்கு ஒன்று. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் 12 கோடி அளவில்தான் உண்டு. யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதி அன்று இது. முதலில் வந்தவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்த காலத்தில் வாங்கிக்கொண்டார்கள். பிந்தி வந்தவர்களுக்கு மிச்சம் இல்லை.

மிச்சம் இல்லாத பொருளுக்கு விலை வந்துவிட்டது. 2011-இல் திவாலான நார்ட்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்று 11 டாலருக்குச் சற்று மேல். பத்தே ஆண்டில் அந்த விலை பல மடங்கானது. 2024 பிப்ரவரி முதல் அமேசானின் மேகக் கணினிச் சேவை, ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர். பெரிய நிறுவனத்துக்கு அது தூசு. நைரோபியிலோ மதுரையிலோ பத்து சர்வருடன் தொழில் தொடங்கும் இளைஞருக்கு அது மாதாமாதம் உறுத்தும் வாடகை, அதுவும் தான் பிறக்கும் முன்பே பங்குபோட்டுவிட்ட நிலத்துக்கு.

பகிர்வுக்கும் விலை உண்டு. ஒரே பொது முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருக்கும்போது, அவர்களில் ஒருவர் செய்யும் தவற்றுக்கு எல்லாரையும் வலைத்தளம் தடுக்கும். வீட்டிலேயே ஒரு சிறு சர்வர் வைத்துத் தன் படைப்பை உலகுக்குக் காட்ட நினைக்கும் மாணவியை வெளியிலிருந்து யாரும் அடைய முடியாது. அவள் கேட்டுப் பெறலாம், கூப்பிடும் தூரத்தில் இருக்க முடியாது. இணையத்தை முதலில் வடிவமைத்தவர்கள் எண்ணிய வலையில் கேட்பவர், தருபவர் என்ற வேற்றுமை இல்லை. இணைந்திருக்கும் எவரும் எவருக்கும் எதையும் தரலாம்.

ஐபிவி6 அந்தச் சமநிலையைத் தானாகவே கொண்டுவந்துவிடாது. ஜப்பானில் கண்டதுபோல் முகவரி கொடுத்துவிட்டுக் கதவை அடைத்தும் வைக்கலாம். ஆனால் எண் இருந்தால்தான் கதவைத் திறப்பது பற்றிப் பேசவே முடியும். ஆகவே ஓர் அரசோ நிறுவனமோ ஐபிவி6 விழுக்காட்டை வெற்றிப் பட்டயமாக நீட்டும்போது நாம் கேட்க வேண்டியது வேறு. இந்த முகவரிகளைக்கொண்டு நம் மாணவர்கள் எதைக் கட்ட முடிகிறது? உலகம் பயன்படுத்தும் நிரலில் நம் பொறியாளர்கள் எழுதிய வரிகள் எத்தனை? நேற்று தொடங்கிய நிறுவனமும் முப்பதாண்டு பழைய நிறுவனமும் ஒரே விலையில் உலகை அடைய முடிகிறதா?

காரிகோமேயில் கூடியவர்கள் ஜப்பானை முதலிடத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவர்கள் எழுதியதை இலவசமாக வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆமையும் வருபவரின் நாட்டைக் கேட்டதில்லை. ஐபிவி6 வழியாக யார் வந்தாலும் ஆடியது.